ஒரு டாலருக்குச் சில்லறை கிடைக்காத ஊர்: ஜிம்பாப்வே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 அக்டோபரிலும் நவம்பரிலுமாக ஆறு வாரம் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் இருந்தேன். அங்கே வேலை பார்க்கும் சித்தி மகன் கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டான், துணைக்கு ஆள் வேண்டும் என்று போனது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வீட்டின் பின்கட்டில் அவன் குடியிருந்தான். அந்த அம்மாவை நான் "அம்புயா" என்று கூப்பிட்டேன். ஷோனா மொழியில் பாட்டி. இந்தப் பக்கத்தில் உள்ள பாதி விஷயம் அவர் சொன்னது, மீதி நான் பார்த்தது. ஊருக்குத் திரும்பியதிலிருந்து எல்லோரும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நாடே திவாலாமே, கடையில் பொருளாவது இருக்கா?

இருக்கிறது. ரொட்டி, எண்ணெய், சோப்பு, தென்னாப்பிரிக்க பிஸ்கட், எல்லாம் இருக்கிறது. காலி அலமாரிகளை நீங்கள் படத்தில் பார்த்தது 2008-ல். அப்போது மூட்டை மூட்டையாகப் பணம் இருந்தது, வாங்கப் பொருள் இல்லை. இப்போது பொருள் இருக்கிறது, வாங்கக் காசு பத்தவில்லை.

முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கு வெளியே வந்து பார்த்தேன். தெருவில் வீட்டுக்கு வீடு வாசல் பெருக்கும் சத்தம். கோட்டும் டையும் போட்ட பள்ளிப் பிள்ளைகள், அதில் சில பெண் குழந்தைகள் தலையில் வைக்கோல் தொப்பி, குண்டும் குழியுமான ரோட்டில் பாலிஷ் போட்ட ஷூ அழுக்காகாமல் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். அக்டோபர் என்பதால் தெரு முழுக்க ஜகராண்டா பூத்து ஊதாவாகக் கொட்டிக் கிடந்தது. திவாலான நாடு என்று மனதில் நான் வரைந்து வைத்திருந்த படத்தில் இந்த ஷூ பாலிஷுக்கு இடமே இல்லை.

நூறு டிரில்லியன் டாலர் நோட்டு உண்மையிலேயே இருந்ததா?

இருந்தது. 2009 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஒன்றுக்குப் பின்னால் 14 சைபர். நம் கணக்கில் சொன்னால் சரியாக ஒரு கோடி கோடி. முன்பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் பாறைகள். ஹராரேயை ஒட்டிய எப்வொர்த்தில் அந்தப் பாறைகளை இன்றும் போய்ப் பார்க்கலாம். எந்த நேரமும் உருண்டுவிடும் போலத்தான் நிற்கின்றன, உருளவில்லை. அதில் அச்சடித்த பணம்தான் உருண்டுவிட்டது.

2006-ல் மூன்று சைபர், 2008 ஆகஸ்டில் பத்து, 2009 பிப்ரவரியில் பன்னிரண்டு என்று மொத்தம் 25 சைபரை வெட்டினார்கள். 2008 ஜூலையில் அரசே ஒத்துக்கொண்ட பணவீக்கம் ஆண்டுக்கு 23 கோடி சதவீதத்துக்கு மேல். அதன் பிறகு அளவெடுப்பதையே விட்டுவிட்டார்கள். கடைசியில் 2015-ல் பழைய பணத்தை முறைப்படி கழித்தபோது ஓர் அமெரிக்க டாலருக்கு வைத்த விலை 35 குவாட்ரில்லியன், அதாவது 350 கோடி கோடி. வங்கியில் 175 குவாட்ரில்லியன் வரை வைத்திருந்தவர்களுக்கு ஆளுக்கு ஐந்து டாலர் கிடைத்தது.

அம்புயாவின் கணவர் இருபத்தேழு வருஷம் ரயில்வேயில் வேலை பார்த்துச் சேர்த்த சேமிப்பு அந்த ஐந்து டாலருக்குள் அடங்கிவிட்டது. "அதுல ஒரு கோழி வாங்கிச் சமைச்சோம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நோட்டுகள் இப்போது விக்டோரியா அருவிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கு நினைவுப் பொருளாக விற்கின்றன. புழக்கத்தில் இருந்த நாளைவிட இப்போது விலை அதிகம்.

இப்போ என்ன காசு ஓடுது?

முக்கியமாக அமெரிக்க டாலர். எல்லையோர ஊர்களிலும், இரண்டாவது பெரிய நகரமான புலவாயோ பக்கமும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஓடும். இவற்றோடு உள்ளூர்ப் பணம் ஒன்றும் உண்டு, பெயர் ஜிக். ஜிம்பாப்வே கோல்டு என்பதன் சுருக்கம். தங்கக் கையிருப்பை ஈடாக வைத்த பணம் என்று சொல்லி 2024 ஏப்ரலில் அறிமுகம் செய்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 27-ஆம் தேதி ஒரே நாளில் அதன் மதிப்பை 43 சதவீதம் இறக்கினார்கள். நான் போய் இறங்கியபோது ஊரெல்லாம் அதே பேச்சு.

ஆனால் பேச்சில் அதிர்ச்சி இல்லை. நடுவிலேயே வேறு சில கதைகள் நடந்து முடிந்திருந்தன. 2016-ல் பாண்டு நோட்டு என்று ஒன்று விட்டு, இதுவும் டாலரும் சமம் என்றார்கள். 2019-ல் சமமில்லை என்றார்கள். அதே வருஷம் ஜூனில் வெளிநாட்டுப் பணம் செல்லாது என்றார்கள். 2020 மார்ச்சில் மறுபடியும் செல்லும் என்றார்கள். இத்தனையையும் பார்த்தவர்களிடம் புது நோட்டை நீட்டினால் தங்கமே பின்னால் இருந்தாலும் சந்தேகத்தோடுதான் வாங்குவார்கள். சந்தைக்காரப் பெண்ணிடம் ஜிக் நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வார். பெட்ரோல் பங்க்கிலும் டாலர்தான்.

தெருமுனையில் பணம் மாற்றுகிறவர்கள் நிற்பார்கள். சட்டப்படி குற்றம், வெளியூர்க்காரர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். புலவாயோவில் இந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கு "ஓசிபதேலேனி" என்று பெயர். "எங்களுக்கு என்ன கொண்டுவந்தீங்க?" என்று அர்த்தம். நல்ல பெயர்தான்.

டாலரில் வாழ்வது வசதிதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமான பதில் வேண்டும். நான் அங்கே கற்றுக்கொண்ட ஒரே பாடம் இதில்தான் இருக்கிறது.

அமெரிக்கா டாலர் நோட்டை அங்கே அனுப்பிவைப்பதில்லை. வியாபாரத்தில் வந்தது, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பியது, அவ்வளவுதான். நாணயம் அதைவிடக் கனம், அதை யார் சுமந்து வருவார்கள்? ஆக நோட்டு உண்டு, சில்லறை கிடையாது. சில்லறை இல்லாத ஊரில் விலை எப்படி இருக்கும்? ஒரு டாலரில்தான் ஆரம்பிக்கும். ரொட்டி ஒரு டாலர். தக்காளி ஒரு குவியல் ஒரு டாலர். சோப்பு இரண்டு சேர்த்து ஒரு டாலர். ஒன்று மட்டும் வேண்டும் என்றால் கிடையாது. வேண்டாத இரண்டாவது சோப்பை வாங்கு, அல்லது இரண்டு சோப்பு வேண்டிய இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வா. ஏழைக்கு ஐந்து ரூபாய் ஷாம்பு பாக்கெட் எத்தனை பெரிய வசதி என்பது எனக்கு அங்கே போய்த்தான் உறைத்தது.

இனி மினி பஸ் கதை. கோம்பி என்பார்கள். கண்டக்டருக்கு ஹ்விண்டி என்று பெயர். நான் ஏறியதற்கு ஐம்பது சென்ட் கட்டணம். ஒரு டாலர் கொடுத்தேன். முன் சீட்டில் மடியில் துணிமூட்டையோடு இருந்த பெண்ணும் ஒரு டாலர் கொடுத்தார். இருவரும் இறங்குமிடம் ஒன்று என்று விசாரித்துக்கொண்ட ஹ்விண்டி, இறங்கும்போது ஒரு டாலர் நோட்டை அந்தப் பெண் கையில் வைத்து, என்னையும் அவரையும் விரலால் சேர்த்துக் காட்டிவிட்டு வண்டியைத் தட்டினான். வண்டி போய்விட்டது. முன்பின் தெரியாத இருவர், கையில் ஒரே நோட்டு.

எனக்கு விட்டுவிடலாம் என்று தோன்றியது. அந்தப் பெண் விடவில்லை. "வா" என்று சைகை காட்டி நேராக வாழைப்பழக்காரியிடம் நடந்தார். டாலருக்குப் பத்துப் பழம். எண்ணி ஐந்தை என் கையில் கொடுத்து, ஐந்தைத் தன் மூட்டையில் செருகிக்கொண்டு, லேசாக முழங்காலை மடக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். என் ஐம்பது சென்ட் பாக்கி ஐந்து வாழைப்பழமாக வீடு வந்து சேர்ந்தது. அங்கே இருப்பவர்களுக்கு இது கதையே இல்லை, தினசரி நடப்பு.

நோட்டும் பாவம். வெளியே போக வழியில்லாமல் வருஷக்கணக்கில் கை மாறி மாறி, காலுறைக்குள்ளும் ரவிக்கைக்குள்ளும் கிடந்து, பழுப்பாகித் துணி மாதிரி ஆகிவிடும். அம்புயா ஒருமுறை சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்ததைப் பார்த்தேன். கிழிசல் இருந்தால் கடைக்காரர் வாங்க மாட்டார்.

செல்போனில் அனுப்பிக்கொள்ளலாமே?

அனுப்பலாம். ஈகோகேஷ் என்று 2011-லேயே வந்துவிட்டது. ஆனால் 2018 அக்டோபரில் மின்னணுப் பரிமாற்றங்களுக்கு 2 சதவீத வரி போட்டார்கள். போதாததற்கு, கணக்கில் இருக்கும் டாலரை அரசு ஒரே உத்தரவில் உள்ளூர்ப் பணமாக மாற்றிவிடும் என்ற பயம் ஊறிப்போய்விட்டது. கையில் நோட்டாக இருந்தால்தான் அது பணம்.

கரண்ட்?

மின்சாரத்துக்கே அங்கே ஜெசா என்றுதான் பெயர், மின்வாரியத்தின் சுருக்கப் பெயர். "ஜெசா போயிடுச்சு", "ஜெசா வந்துடுச்சு" என்று சொல்வார்கள். இரவில் வரும்போது தெருப் பிள்ளைகள் மொத்தமாக ஒரு கூச்சல் போடுவார்கள் பாருங்கள், நாம் சின்ன வயதில் போட்ட அதே கூச்சல்.

காரணம் பெரும்பாலும் தண்ணீர். ஜாம்பெசி ஆற்றில் 1950-களில் கட்டிய கரிபா அணையை ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஜிம்பாப்வே பக்கத்து நிலையத்தின் திறன் 1,050 மெகாவாட். மழை பொய்த்தால் அது படுத்துவிடும். 2022 நவம்பரில் பயன்படுத்தக்கூடிய நீர் 4.6 சதவீதத்துக்கு இறங்கி உற்பத்தியை நிறுத்தச் சொன்னார்கள். எல் நினோ வறட்சியால் 2024-லும் ஏறக்குறைய அதே கதி. ஹ்வாங்கே நிலக்கரி நிலையத்தில் 2023-ல் தலா 300 மெகாவாட்டில் இரண்டு புது யூனிட் வந்தும் போதவில்லை.

நான் இருந்த தெருவில் காலை நாலரைக்குப் போனால் இரவு பத்துக்கு மேல் வரும். பதினொரு மணிக்கு அம்புயா எழுந்து பேரனின் பள்ளிச் சட்டையை இஸ்திரி போடுவார். ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்வீட்டிலும் ஒரு பெண் அதே வேலையாக நிற்பார். பிரிட்ஜில் தட்டும் டம்ளரும் அடுக்கி வைத்திருந்தார், அலமாரியாக. மீட்டர் முன்கட்டணம், இருபது இலக்க எண்ணைத் தட்டவேண்டும். முதல் சில யூனிட்டுகள் விலை குறைவு என்பதால் மாதம் பிறந்த அன்றே வாங்கிவிடுவார்கள். இல்லாத கரண்டுக்கு முன்பணம் கட்டுவதா என்று கேட்டேன். "வரும்போது இல்லாம போயிடக் கூடாதுல்ல" என்றார்.

தண்ணீர்?

ஹராரேக்கு ஒரு விசித்திரமான சாபம். ஊருக்குக் குடிநீர் தரும் சிவேரோ ஏரி, ஊருக்குக் கீழே, ஆறு ஓடும் திசையில் இருக்கிறது. 1952-ல் கட்டியது. ஊரின் சாக்கடை இறங்கி வந்து சேருவதும் அதே ஏரியில்தான். சுத்திகரிப்பு நிலையங்கள் ஒழுங்காக ஓடினால் பிரச்சினை இல்லை. ஓடவில்லையென்றால், தான் கழித்ததையே ஊர் மருந்து போட்டுக் குடிக்கவேண்டும். அந்த மருந்துச் செலவே ஊரைத் தின்கிறது. நான் கிளம்பிய வாக்கில் அந்த ஏரிக்கரைப் பூங்காவில் வெள்ளைக் காண்டாமிருகங்கள் செத்துப்போயின. கழிவால் பெருகிய நச்சுப் பாசி என்றார்கள்.

2008-09 காலராவில் 98,000 பேருக்கு மேல் நோய் கண்டு 4,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிலிருந்து குழாய்த் தண்ணீரை யாரும் நம்புவதில்லை. வசதியுள்ளவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் மதில் சுவருக்கு வெளியே ஒரு குழாய் வைத்திருந்தார், யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். நான்கு மணிக்கே மஞ்சள் கேன் வரிசை நிற்கும். வரிசையில் கேன்தான் நிற்கும், ஆட்கள் வீட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். எந்தக் கேன் யாருடையது என்பதில் ஒருநாளும் சண்டை வந்து நான் பார்க்கவில்லை.

சாப்பாடு ஒத்துக்கொண்டதா?

சட்ஸா என்றால் களி. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெள்ளை மக்காச்சோள மாவைக் கூழாகக் கரைத்துக் கொதிக்கவிட்டு, தளதளவென்று அது தெறிக்கும்போது மேலும் மாவு போட்டு, முகோட்டி என்ற மரத்துடுப்பால் கிண்டவேண்டும். கிண்டும் பெண்களின் தோளைப் பார்த்தால் தெரியும் எவ்வளவு வேலை என்று. தொட்டுக்கொள்ளக் கீரை, தக்காளியும் வெங்காயமும் போட்டு வதக்கியது, சில நாள் அதில் வேர்க்கடலை விழுது சேர்த்து. வலது கையால் பிய்த்து, உருட்டி, கட்டைவிரலால் பள்ளம் செய்து குழம்பை அள்ளவேண்டும். நான் முதல் உருண்டையைச் சரியாக உருட்டியதும் அம்புயா கைதட்டினார். எங்கள் பாட்டி கற்றுக்கொடுத்தது என்றேன்.

மாவுக்கடையில் இன்னொரு ஆச்சரியம். மக்காச்சோளம் போர்த்துகீசியர் காலத்தில் வந்தது. அதற்கு முன் இவர்கள் தின்றது ரபோக்கோ, முங்கா, மப்புந்தே. மூன்று பையையும் திறந்து பார்த்தேன்: கேழ்வரகு, கம்பு, சோளம்! வறட்சி தாங்கும் தானியம், இதைப் போடுங்கள் என்று அரசு கெஞ்சுகிறது. ஏழைச் சாப்பாடு என்று ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மட்டும் டாக்டர் சொல்லித் தேடி வாங்குகிறார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

மட்டெம்பா என்ற பொடிமீன் கருவாடு அசல் நெத்திலி மாதிரியே இருக்கும். அது உள்ளூர் மீனே இல்லை. கரிபா ஏரிக்கென்று 1960-களின் கடைசியில் டாங்கனிகா ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்டது. இப்போது ஏழை வீட்டுப் புரதம் அதுதான். மொப்பானே மரத்துப் புழுவையும் வறுத்துக் கொடுத்தார்கள். மொறுமொறுப்பாக இருந்தது, இரண்டுக்கு மேல் என்னால் முடியவில்லை.

ஆனால் ஈசல்! நவம்பரில் முதல் மழை பெய்த இரவு, கரண்டும் இல்லை. அம்புயா சூரியசக்தி விளக்கை வாசலில் தொங்கவிட்டு, கீழே தண்ணீர் ஊற்றிய பேசினை வைத்தார். அரைமணி நேரத்தில் தெருவே பிள்ளைகளால் நிறைந்துவிட்டது. ஈஷ்வா என்பார்கள், பெயரில்கூட நம் ஈசல் வாசம். உப்புப் போட்டு வெறும் சட்டியில் வறுத்துக் காகிதத்தில் கொடுத்தார். பொரியும் உடைத்த கடலையும் மட்டும்தான் குறை. சித்தி மகன் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு மூன்று கை அள்ளித் தின்றான்.

வேலைவெட்டி?

மாதச் சம்பளம் என்பது அபூர்வம். உழைப்பவர்களில் முக்கால்வாசிக்கு மேல் சொந்தமாக ஏதாவது விற்றோ செய்தோ பிழைப்பவர்கள். இதற்கு குகியா-கியா என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். கிடைத்ததை வைத்து எப்படியாவது ஓட்டுவது. ஹராரேயின் எம்பாரே சந்தைப் பக்கம் போனபோது அதன் முழு வடிவத்தையும் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து பேல் பேலாக வரும் பழைய துணி மலை, மபேரோ என்பார்கள். அந்தத் துணிச் சந்தையின் பெயர் முபெட்ஸாநாமோ. "கஷ்டத்தைத் தீர்க்கிறது" என்று பொருள்.

அம்புயாவின் குகியா-கியா, கறிக்கோழி. நான் போன மறுநாள் நூறு குஞ்சு அட்டைப்பெட்டியில் வந்தது. ஆறு வாரத்தில் விற்றுவிடவேண்டும், ஏழாவது வாரம் தின்னும் தீனி எல்லாம் நஷ்டம். கரண்டை நம்பமுடியாததால் சூட்டுக்கு ஓட்டைச் சட்டியில் கரி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கங்கைக் கிளறுவார், நானும் சில நாள் கிளறினேன். ஏழு செத்துப்போயின. 93-ஐ ஆறு டாலர் வீதம் விற்று, குஞ்சு, தீனி, மருந்து, கரி எல்லாம் கழித்தால் இருநூறு டாலருக்குக் கொஞ்சம் குறைவாக நின்றது. அதில் பெரும்பகுதி பேரனின் பரீட்சைக் கட்டணத்துக்கு. ஓய்வூதியம் என்று ஒன்று வருகிறதே என்றேன். "அது பஸ்ஸுக்கு. பேங்குக்குப் போய் அதை எடுத்துட்டு வர்ற பஸ்ஸுக்கு."

மகன் இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை, மகள் தென்னாப்பிரிக்காவில். பாதி வீடுகளில் இதே கதைதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 150 கோடி டாலருக்கு மேல் அனுப்புகிறார்கள்.

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்?

படிப்பு இன்னும் மரியாதையான விஷயம். ஆப்பிரிக்காவில் எழுத்தறிவு அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. சுதந்திரம் வந்த 1980-களில் பள்ளிகளைப் பெருக்கியது, அப்போது பிரதமராக வந்த முகாபேயின் அரசு செய்த நல்ல காரியம், அதை அவரைத் திட்டுகிறவர்களும் சொல்வார்கள். ஆஸ்பத்திரி அப்படியில்லை. நர்ஸுகள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போய்விட்டார்கள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் கையுறையிலிருந்து நாமே வாங்கிக்கொண்டு போகவேண்டியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். 37 வருஷம் ஆண்ட முகாபே 2019 செப்டம்பரில் இறந்தது சிங்கப்பூர் மருத்துவமனையில்.

ஜனங்கள் எப்படிப் பழகுவார்கள்?

முறையாகப் பழகுவார்கள். நம் கிராமத்து முறை. காலையில் "மங்வானானி, மராரா செய்?" என்று கேட்பார்கள். எப்படித் தூங்கினீர்கள்? பதில்: "ந்தராரா கனா மராரவோ." நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன். மத்தியானம் இதே வாக்கியம், பொழுது எப்படிப் போயிற்று, உங்களுக்கு நன்றாகப் போயிருந்தால் எனக்கும் போயிற்று. ஆறு வாரமும் தினம் சொன்னேன், இன்னும் அலுக்கவில்லை.

பெரியவர்களை ஒருமையில் பேசக்கூடாது, நம் "நீங்கள்" மாதிரிப் பன்மை உண்டு. பிள்ளை பெற்ற பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இன்னாருடைய அம்மா என்றுதான். எதையும் இரண்டு கையால் வாங்கவேண்டும், வாங்குமுன் மெல்லத் தட்டவேண்டும்: ஆண்கள் விரல்களை நேராக வைத்து, பெண்கள் உள்ளங்கையைக் குழித்துக் குறுக்காக. நான் முதல் வாரம் பெண்கள் மாதிரி தட்டிக்கொண்டிருந்தேன், யாரும் திருத்தவில்லை, மரியாதை கருதி. குலச்சின்னமும் உண்டு: சிங்கம், குரங்கு, இதயம் என்று. ஒரே சின்னக்காரர்கள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது.

பயமில்லையா?

இருட்டிய பின் நகர மையத்தில் சுற்றாமல் இருப்பது, கைப்பையைக் கவனிப்பது, இவ்வளவுதான். வேறு இரண்டு விஷயம் முக்கியம். ராணுவ உடை மாதிரிப் பச்சைத் திட்டுப் போட்ட துணி எதையும் எடுத்துப்போகாதீர்கள், பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். அரசுக் கட்டடம், ராணுவம், போலீஸ் எதையும் படம் எடுக்காதீர்கள். பஸ்ஸில் அரசியல் பேசவேண்டாம். அவர்களே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

நிஜமான ஆபத்து ஹோண்டா ஃபிட். ஜப்பானில் ஓடிக் களைத்த சின்னக் கார், பர்மிட் இல்லாத ஷேர் டாக்ஸி. முஷிக்கா-ஷிக்கா என்பார்கள். பின்னால் நாலு, முன்னால் டிரைவரோடு மூன்று, டிக்கியில் இரண்டு. போலீஸைக் கண்டால் எதிர்த்திசையில் பறப்பான்.

இந்த நிலைமைக்கு யார் காரணம்?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1930-ஆம் ஆண்டு நிலச் சட்டம் நாட்டின் பாதி நிலத்தைக் கைப்பிடியளவு வெள்ளையருக்குக் கொடுத்தது. அதைத் திருப்பிக் கேட்டது நியாயம். 1997-ல் விடுதலைப் போர் வீரர்களுக்குக் கையில் இல்லாத பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள், அந்த நவம்பரில் ஒரே நாளில் பணம் சரிந்தது. 1998-ல் காங்கோ போருக்குப் படை அனுப்பினார்கள். 2000-க்குப் பின் பண்ணைகளை அடித்துப் பிடுங்கியபோது, நல்ல நிலம் பலதும் உழவனுக்குப் போகாமல் கட்சிக்காரர்களிடம் போனது. பற்றாக்குறைக்கு நோட்டு அடித்தார்கள். அமெரிக்கத் தடைகள்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அரசு சொல்லும். அவற்றால் கடன் கிடைப்பது கஷ்டமானது உண்மை, ஆனால் 25 சைபரை அச்சடித்தது அமெரிக்கா இல்லை. இது என் கருத்து. அம்புயாவிடம் கேட்டபோது, "கோழிக்குத் தண்ணி வச்சியா?" என்றார்.

கிரிக்கெட்?

பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் தெருவில் கால்பந்துதான். 2024 ஜூலையில் இந்திய அணி வந்து ஐந்து டி20 ஆடியதைச் சிலர் நினைவு வைத்திருந்தார்கள், முதல் ஆட்டத்தில் அவர்கள் நம்மை ஜெயித்ததால். தொடர் நாயகன் நம் வாஷிங்டன் சுந்தர் என்றதும், "அந்தப் பெயரா இந்தியப் பெயர்?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். அவர் பெயர் இன்னொசென்ட். பதிலுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம்மாட்கள் இருக்கிறார்களா?

இந்திய வம்சாவளியினர் சில ஆயிரம் பேர், பெரும்பாலும் தலைமுறைகளாக இருக்கும் குஜராத்திகள். ஹராரேயில் பெல்வெடேர் பக்கம் கோயிலும் மசாலா சாமானும் கிடைக்கும். புளி மட்டும் எடுத்துப்போங்கள்.

போவதானால் என்ன கொண்டுபோகவேண்டும்?

ஜாம்பெசி சமவெளி, விக்டோரியா அருவிப் பக்கம் போவதானால் மலேரியா மாத்திரை. ஹராரே மேட்டில் அந்தப் பயம் குறைவு. டார்ச், பவர் பேங்க். பிளக் இங்கிலாந்து மாதிரிச் சதுர மூன்று முள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு டாலர் நோட்டு, புதிதாக, குறைந்தது ஐம்பது. நூறு டாலர் நோட்டை நீட்டினால் கடையே உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும்.

கிளம்புகிற அன்று ஒரு கடையில் ரஸ்கும் மசோவே ஆரஞ்சு சாறும் வாங்கினேன். மீதி நாற்பது சென்ட்டுக்குச் சில்லறை இல்லை என்று பில்லின் பின்னால் தொகையை எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பு வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள் அந்தப் பெண். அடுத்த முறை வரும்போது கழித்துக்கொள்ளலாமாம். அது இன்னும் என் மணிபர்ஸில் இருக்கிறது.